கனிமொழி படிக்கிற வீடியோ

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமை ஆசிரியை நான், சசிகலா. இன்னொருவர் அன்பரசு சார். ஐந்து வகுப்பு, இரண்டு அறை, ஒரு சத்துணவுக் கூடம். ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு தாண்டிப் போகிற சாலையில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மேலே இருந்து யாராவது விளக்கம் கேட்பார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தே என் சர்வீஸில் பாதி கழிந்துவிட்டது. மிச்சத்தையாவது நிம்மதியாகக் கழிக்கப் பார்க்கிறேன்.

அன்பரசு சாரை இந்த மாவட்டத்து ஆசிரியர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர் கருத்தாளர், அதாவது ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர். பருவத்துக்குப் பருவம் வட்டார வள மையத்தில் பயிற்சி நடக்கும். எங்களைப் போன்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் மைக்கைப் பிடித்தால் மட்டும் டீ வந்து ஆறிப்போனதுகூடத் தெரியாது. எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. நானே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குச் சொந்த ஊர் சந்தவாசல் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சொந்தமாக ஒரு காணி கிடையாது. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இவர்தான். அவருடைய அப்பா எந்த ஆபீசுக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார மாட்டாராம். உட்காரச் சொன்னாலும் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நின்றுவிட்டு வந்துவிடுவாராம். இதை அன்பரசு சார் ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. அதற்குப் பிறகு, பயிற்சி முடிந்ததும் ஒரு கூட்டமே அவரைச் சூழ்ந்துகொண்டு சார், சார் என்று பேசுவதைப் பார்க்கும்போது, இந்த மனுஷன் கொஞ்சம் அனுபவிக்கட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

அனுபவிக்கவும் செய்தார். பயிற்சி நாளில் அவர் சட்டையின் மடிப்பு எலுமிச்சம்பழத்தை அறுக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். பள்ளிக்கூடத்துக்கு வருகிற நாளில் அதே மனுஷன் நேற்றுப் போட்ட சட்டையோடு வருவார். 'சார், எங்களுக்கும் ஒருநாள் அயர்ன் பண்ண சட்டையைக் காட்டுங்க' என்று நான் கிண்டல் செய்வேன். அவருக்குக் கோபமே வராது.

கருத்தாளர் ஆவதற்கு முன்பே அவர் நல்ல வாத்தியார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசி தறி வீட்டுப் பிள்ளைகள். முதலாளி கொடுக்கிற பாவு நூலையும் ஊடை நூலையும் வாங்கி வந்து வீட்டிலேயே பட்டுப்புடவை நெய்து கொடுக்கிற குடும்பங்கள். அந்த வீடுகளில் அறுந்து விழுகிற பட்டு நூலைக் கேட்டு வாங்கி வந்து, அட்டையில் எழுத்து வடிவத்துக்குப் பசை போட்டு ஒட்டினார். பிள்ளைகள் விரலால் தடவித் தடவி எழுத்துப் பழகினார்கள். அவர் கையில் ஒன்றாம் வகுப்பு இருந்தால் பொங்கலுக்குள் பிள்ளை தன் பெயரை எழுதிவிடும். இந்த அட்டைகளைத்தான் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ஜெயச்சந்திரன் சார் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தபோது பார்த்தார். உங்களைப் போன்றவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அடைந்து கிடக்கலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விழுந்தவர்தான் அன்பரசு சார்.

முதலில் பருவத்துக்கு ஒரு பயிற்சி என்று இருந்தது. பிறகு பயிற்சி கொடுப்பதற்கான பயிற்சி வந்தது. அதற்கு முன் கையேடு தயாரிப்புப் பணிமனை, அதற்குப் பின் மீளாய்வுக் கூட்டம். போளூர், செய்யாறு, வந்தவாசி என்று ஊர் ஊராகப் போனார். ஆணை வரும், நான் கையெழுத்துப் போட்டு விடுவிப்பேன். அவர் போன பிறகு ஐந்து வகுப்பும் என் தலையில். நான் ஒன்று, இரண்டு, மூன்றை என் அறையில் வைத்துக்கொள்வேன். நாலு, ஐந்தை அவருடைய அறையில் விட்டுவிட்டு, நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்றை எழுப்பி முன்னால் நிறுத்துவேன். அது ஒரு வரி படிக்கும், மற்றதெல்லாம் கூடவே கத்தும். சத்தம் வந்துகொண்டிருந்தால் பிள்ளைகள் அடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இந்தக் கூட்டாகக் கத்துகிற முறையை ஒழிக்க வேண்டும் என்றுதான் அன்பரசு சார் அதே நேரத்தில் வேறு ஏதோ ஊரில் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று அவரே தயாரித்த ஒரு அமர்வு இருந்தது. நானும் அதில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன்.

கனிமொழி அந்த நாலாம் வகுப்பில் இருந்த பெண். கொரோனா வந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தவள். ஒன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. அம்மா சுபத்ரா தறியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவாள். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. நாலாம் வகுப்பு ஆரம்பத்தில் அவளுக்கு அ, ஆ தாண்டி எதுவும் சரியாகத் தெரியாது. சுபத்ரா ஒருநாள் தறியை விட்டு இறங்கி வந்து அன்பரசு சாரிடம், ஆறாம் வகுப்புக்கு ஆரணிக்குப் போவதற்குள் இவளைப் படிக்க வைத்துவிட வேண்டும், அங்கே போய் இவள் தலை குனிந்து நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். என் பொறுப்பு என்றார் சார். அவர் சும்மா சொல்லவில்லை. அந்த ஜூன், ஜூலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததை நான் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து ஆணைகள் வர ஆரம்பித்தன.

அந்த வருஷம் தை மாதம் ஜெயச்சந்திரன் சார் ஒரு வீடியோ வேண்டும் என்றார். எதுவும் தெரியாமல் இருந்து இப்போது படிக்கிற பிள்ளை ஒன்று வேண்டும். அன்பரசு சார் ஊரிலிருந்து ஊருக்குப் போகிற அவசரத்தில் வந்து, வகுப்பைப் பார்த்து, யார் படிக்கிறீர்கள் என்று கேட்டார். கனிமொழி கையைத் தூக்கினாள். யானை பலூன் ஊதுகிற கதை அட்டை அது, நாலு பக்கம். அவள் நிறுத்தாமல் படித்தாள். பலூன் டமார் என்று வெடிக்கிற இடத்தில் கண்ணை உருட்டி, உதட்டைக் குவித்து அவள் சொன்ன அழகில், படம் எடுக்க வந்த ஆள்கூடச் சிரித்துவிட்டான். அன்பரசு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் வீடியோவில் இருக்கிறது. வேண்டுமென்று யாரும் ஏமாற்றவில்லை. அவர் நிஜமாகவே நம்பினார், நானும் நம்பினேன்.

அந்த வீடியோ ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. அன்பரசு சார் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் அதைப் போட்டுத்தான் ஆரம்பிப்பார். சுபத்ராவின் போனிலும் அது ஏறியது. நூல் கொடுக்க வந்தவர், ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று யாரையும் அவள் விடவில்லை. எங்கள் பாப்பா படிக்கிறது பாருங்கள் என்று போட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. கனிமொழி ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். வீடியோவில் படித்த பெண் என்பதால் நான் அவளைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. தடுமாறுகிற பிள்ளைகளைப் பார்க்கவே எனக்கு நேரம் போதவில்லை.

அடுத்த தையில் வந்தவாசியில் பயிற்சி. அங்கே நடந்ததை அன்பரசு சார் மறுநாள் என்னிடம் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அன்று ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. ஒயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். சரி, படத்தை மட்டும் ஓடவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றார் இவர். படம் சத்தமில்லாமல் ஓடியது. அதற்கு முன் எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் அவர் பார்த்தது சபையின் முகத்தை. கேட்டது கனிமொழியின் குரலை. அன்றுதான் முதன்முதலாகத் திரையைப் பார்த்தார். கதை அவருக்கு மனப்பாடம். பலூன் வெடிப்பது கடைசிப் பக்கத்தில் வரும். திரையில் கனிமொழி கண்ணை உருட்டி, உதட்டைக் குவித்து டமார் சொல்லிவிட்டாள். அவள் விரல் இன்னும் மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. கதை முடிந்த பிறகுதான், ஞாபகம் வந்தவள் போல அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு ஆசிரியை என்ன சார் என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீடியோவை மறுபடி ஓடவிட்டார். இந்த முறை சந்தேகமே இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அந்தக் கைதட்டலைச் சொல்லும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"நின்னுகினு கைதட்டலை வாங்கிக்கினு இருந்தேன் டீச்சர். இன்னும் ரெண்டு அமர்வு இருந்துச்சி. அதையும் நடத்திட்டுதான் வந்தேன். நிறுத்தணும்னுகூட தோணல."

அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கனிமொழி பையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பிரேயர் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, படமில்லாத புது அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆடு மேய்க்கிற பெண்ணைப் பற்றி நாலே வரி. கனிமொழி அட்டையை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு விரலை முதல் எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு காட்டில் ஒரு யானை இருந்தது என்று ஆரம்பித்தாள்.

அன்பரசு சார் அவளைத் திட்டவில்லை. அட்டையை மெல்ல வாங்கிக்கொண்டு, இந்தக் கதை உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

"கிளாஸ்ல எல்லாரும் கத்திகினு இருப்பாங்க இல்ல சார், நீங்க ட்ரெய்னிங் போனப்போ. அப்படியே வந்துடுச்சி."

தனி எழுத்துகள் அவளுக்குப் பெரும்பாலும் தெரிந்திருந்தன. கொம்பு வந்தால் தெரியாது, கால் வந்தால் தெரியாது, இரண்டு எழுத்தைச் சேர்த்தால் நின்றுவிடுவாள். சுருக்கமாகச் சொன்னால், நாலாம் வகுப்பு ஜூலையில் அவர் எங்கே விட்டாரோ அங்கேயே இருந்தாள். ஐந்தாம் வகுப்பு முடிய மூன்று மாதம்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்கவில்லை. மதியம் டப்பாவைத் திறப்பார், மூடுவார். பட்டு நூல் அட்டைகளைப் பீரோவின் மேலிருந்து இறக்கித் தூசி தட்டினார். பாதி அட்டையை எலி கடித்திருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தரத் தெரியும் என்று ஒரு மாவட்டமே நம்புகிறது டீச்சர், என் வகுப்பில் இருக்கிற ஒரு பொண்ணுக்குத் தெரியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை என்பார். ஒருநாள் சொன்னால் கேட்கலாம். தினமும் சொன்னார். நானும் எத்தனை நாள் ஆறுதல் சொல்வது? புலம்பினால் அவளுக்குக் கொம்பு வந்துவிடுமா, போய்ச் சொல்லிக் கொடுங்கள் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

அவர் செய்தார். கையில் இருந்த இரண்டு பயிற்சிகளுக்கு வரமுடியாது என்று எழுதிக் கொடுத்தார். அதே வாரம் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. மாநில அளவில் கருத்தாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முகாம். அந்த அழைப்புக்காக அவர் எவ்வளவு ஏங்கியிருந்தார் என்று எனக்குத் தெரியும். அதையும் வேண்டாம் என்றார். ஜெயச்சந்திரன் சார் போனில் சத்தம் போட்டார். இவர் காரணத்தைச் சொல்லி, அந்த வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். அதற்கு அவர், நல்லாத்தானே இருக்கு சார், எவ்வளவு பேருக்கு ஊக்கமாக இருக்கிறது, இதையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டிருக்காதீர்கள் என்று போனை வைத்துவிட்டார். வீடியோவும் நிற்கவில்லை. யாரென்றே தெரியாத ஒரு ஆசிரியர் அதை அன்பரசு சாருக்கே அனுப்பி, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். இதை என்னிடம் காட்டிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கனிமொழியோடு காலையில் அரைமணி, மதியம் அரைமணி உட்கார்ந்தார். அவளுக்கு ஆரம்பத்தில் அது தண்டனை போலத்தான் இருந்தது. ஒப்பித்தால் எவ்வளவு வேகம், எழுத்துக் கூட்டினால் எவ்வளவு நேரம். ஒரு வரி முடிப்பதற்குள் வியர்த்துவிடும். பாதியில் பழைய பழக்கத்தில் அடுத்த வார்த்தையை ஊகித்துச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் ஒன்றும் சொல்லாமல் விரலை மறுபடி எழுத்தின் மேல் கொண்டுபோய் வைப்பார். மாசி முடிகிற நேரத்தில் ஒருநாள், சத்துணவுக் கூடத்துச் சுவரில் எழுதியிருந்த கிழமைகளை அவளாகவே நின்று கூட்டிப் படித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வியாழக்கிழமையில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் விடவில்லை.

சுபத்ராவிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார். தறி வீட்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பிய நாளும் உண்டு. உள்ளே சுபத்ரா யாரிடமோ போனைக் காட்டிக்கொண்டிருந்தாளாம். கனிமொழியின் குரல் வாசல் வரை கேட்டதாம்.

பங்குனியில் ஆண்டு விழா வந்தது. பந்தல் போட்டாயிற்று, வட்டாரக் கல்வி அலுவலர் வருவதாகச் சொல்லியாயிற்று. ஊர்க்காரர்கள் ஒரே பிடிவாதமாக நின்றார்கள். வீடியோவில் படித்த பெண் மேடையில் படிக்க வேண்டும். சுபத்ரா அதற்கென்று பச்சைப் பட்டுப்பாவாடை தைத்துவிட்டாள். நான் அன்பரசு சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த யானைக் கதையை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள், சொல்லிவிட்டு இறங்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை, அந்தப் பெண்ணை ஊருக்கு முன்னால் நிறுத்தித் தடுமாற வைக்காதீர்கள். அவருக்கும் அதுதான் சரி என்று பட்டது. தப்பு என்னுடையது, அதற்கு அவள் ஏன் மேடையில் அசிங்கப்பட வேண்டும் என்றார். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கனிமொழியிடம் போனார்.

அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சார், சொல்லட்டா? படிக்கட்டா?"

ஆசிரியர்களுக்கே பதில் சொல்லிப் பழகிய மனுஷன் இரண்டு அட்டைகளையும் அவளிடமே நீட்டினார். உனக்கு எது பிடிக்குமோ அது என்றார். அவள் ஆட்டுக்காரப் பெண்ணின் அட்டையை எடுத்துக்கொண்டாள்.

மேடையில் அவள் படித்தது நாலே வரி. மைக் உயரமாக இருந்ததால் ஒரு ஸ்டூல் போட்டோம். முதல் வார்த்தையைக் கூட்ட அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் பந்தலே அமைதியானது. இரண்டாம் வரியில் பின்னாலிருந்து யாரோ இன்னா ஆச்சி இந்தப் பொண்ணுக்கு என்றார்கள். கல்வி அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் பேச ஆரம்பித்தார். கனிமொழி யாரையும் பார்க்கவில்லை. விரல் ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போனது, அது போன இடத்துக்குத்தான் வாயும் போனது. மேய்த்தாள் என்ற வார்த்தையில் நின்று, திரும்ப வந்து, சரியாகச் சொன்னாள். முடித்துவிட்டு அட்டையை மடக்கியபோது மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டல் விழுந்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நானும் அன்பரசு சாரும் மட்டும்தான் பார்த்தோம் என்று நினைக்கிறேன். சுபத்ரா எழுந்து பந்தலை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது சுபத்ரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருந்த வகுப்பறைக்கு வந்தாள். அழுதிருந்தாள். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்பரசு சாரின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"போன வருசம் எப்படி மடமடன்னு படிச்சா சார். இந்த வருசம் நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறீங்கன்னு நாங்க சந்தோசப்பட்டுகினு இருந்தோம். இப்ப அஞ்சாவது முடிக்கப்போற பொண்ணு ஒண்ணாவது மாதிரி திக்கிகினு நிக்குது. இன்னா சார் பண்ணீங்க எங்க பொண்ண?"

அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மேடைக் கூச்சம் என்றால் அவள் நம்பியிருப்பாள். நானே அதைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"போன வருசம் அவ படிக்கலம்மா. மனப்பாடமா சொன்னா. என் கண்ணுக்கு அது தெரியல. தெரிஞ்சிருக்கணும், அதுதான் என் வேலை. நான் ஊர் ஊரா அந்த வீடியோவைக் காட்டிகினு சுத்துனேன், இவளுக்கு ஒரு எழுத்துகூட சொல்லிக் குடுக்கல. இன்னைக்கி மேடையில படிச்சாளே நாலு வரி, அதுதான் அவ படிச்சது. ஒரு வருசம் போச்சி. போனது என்னால."

சுபத்ராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் அவரைத் திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

கனிமொழி தலையாட்டினாள்.

"பின்ன ஏன் சொல்லல?"

கனிமொழி பாவாடையின் ஜரிகையைத் திருகிக்கொண்டே நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"சொல்லலாம்னு வருவேன். நீ யாருக்கனா அதைப் போட்டுக் காட்டிகினு இருப்பே. இங்க வந்தா சாரும் காட்டிகினு இருப்பாரு. ரெண்டு பேரும் சிரிச்சிகினு இருப்பீங்க."

வெளியே பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிப் போடுகிற சத்தம் கேட்டது. சுபத்ரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்பரசு சார் நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தப் பெண்ணின் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ ஆசிரியர்கள் அவர் முன்னால் எழுந்து நின்றிருக்கிறார்கள். அவர் யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னை மன்னித்துவிடு பாப்பா என்றார்.

கனிமொழிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பெரியவர், அதுவும் சார், தன்னிடம் அப்படிச் சொன்னால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனாவைத் தட்டிவிட்டவரிடம் சொல்கிற மாதிரி, "பரவால்ல சார்" என்றாள்.

அத்தனை நாளும் புலம்பிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டதும்தான் அழுதார்.